ஒரு எம்.டி. 90 எஞ்சினும் நம்ம ஊரின் இருபது வருடமும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். போன ஆகஸ்ட் விடுமுறையில் எங்கள் மோட்டார் சைக்கிள் எஞ்சினை வீட்டு முற்றத்தில் கழற்றிப் பூட்டினோம். அந்த வேலைக்குள் நம்ம ஊரின் வரலாறு கொஞ்சம் அகப்பட்டது. வரலாறு படிப்பிக்கிற ஆட்களாக இருந்துகொண்டு அதை எழுதாமல் விடுவது சரியில்லை என்று தோன்றியது.

எங்களைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் தண்ணீரூற்றுக் குடும்பம். பிறந்தது புத்தளத்து அகதி முகாமில். அங்கேயே படித்து, கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் முடித்து, ஊர் திரும்பி, இப்போது முள்ளிவாய்க்கால் பக்கம் படிப்பிக்கிறோம். தினமும் தண்ணீரூற்றிலிருந்து முல்லைத்தீவு, அங்கிருந்து வட்டுவாகல் பாலம், ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல், பிறகு முள்ளிவாய்க்கால். இந்தப் பாதையில் எங்களைச் சுமந்து போவது ஒரு பழைய ஹொண்டா எம்.டி. 90.

எம்.டி. 90 என்றால் வன்னியில் விளக்கம் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். ஜப்பானில் தபால்காரர்கள் கடிதம் கொடுப்பதற்காக ஹொண்டா செய்த சிவப்பு வண்டி அது. 1958இல் வந்த சூப்பர் கப் குடும்பத்து எஞ்சின், கிடையாகப் படுத்திருக்கும். அந்தக் குடும்பத்து வண்டிகள் 2017இல் உலகம் முழுவதும் 10 கோடியைத் தாண்டின. அங்கே தபால் கொடுத்துக் களைத்த வண்டிகள் கப்பலேறி இங்கே வந்து, மணல் பாதையிலும் வயல் வரம்பிலும் இன்னொரு ஆயுள் ஓடின. கிளச் பிடிக்கத் தேவையில்லை, மூன்று கியர், முன்னும் பின்னும் சாமான் கட்டலாம், எளிதில் பழுதாகாது. பழுதானாலும் சாவிக்கட்டு இருந்தால் வீட்டிலேயே திறக்கலாம்.

எங்களுடைய வண்டியை 2015இல் முள்ளிவாய்க்காலில் ஓர் அக்காவிடம் வாங்கினோம். தையல் வேலை செய்பவர். அவருடைய கணவர் 2003இல் வவுனியாவில் வாங்கிய வண்டி. 2009 ஏப்ரலில் கணவர் ஷெல் பட்டு இறந்துவிட்டார். மே மாதத்தில் அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது வண்டி மணலோடு நின்றுவிட்டது. பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். மீள்குடியேறி வந்த பின் அக்காவின் தம்பி துருப்பிடித்த குவியலுக்குள் வண்டியை அடையாளம் கண்டு, ஆவணங்களைக் காட்டி எடுத்து வந்தார். பிளக் துவாரத்தால் டீசல் ஊற்றி ஒரு கிழமை ஊற வைத்து, இறுகிப் போயிருந்த எஞ்சினை உதைத்து இளக்கியதாகச் சொன்னார். ஹெட்டை மட்டும் திறந்து துடைத்து, புது ரயர் போட்டு ஓட வைத்தார்.

வாங்கிய நாளிலிருந்தே வண்டிக்கு ஒரு சோம்பல். எதிர்க்காற்றில் இழுக்காது. வயது போன வண்டிதானே என்று விட்டுவிட்டோம். போன வருடம் சைலன்சரால் நீலப் புகை தள்ளத் தொடங்கியது. கிழமைக்கு ஒரு தடவை ஓயில் விட வேண்டும். கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் காலோடு இறங்கியது. பிளக்கைக் கழற்றினால் ஓயிலில் குளித்திருந்தது. கராச்சில் சொன்ன தொகையும் தவணையும் எங்கள் சம்பளத்துக்கு ஒத்துவரவில்லை. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்றதால் பழைய வண்டிகளின் விலையும் தலைக்கு மேலே போயிருந்தது. அதனால் வீட்டிலேயே திறப்பது என்று நானாவும் தம்பியுமாக முடிவெடுத்தோம்.

முற்றத்தில் மா மரத்துக்குக் கீழே பாய் விரித்து, எஞ்சினை இறக்கி வைத்ததுதான் தாமதம், ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் பாதையில் தினமும் எம்.டி. 90 ஓடுகிற எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. பாடசாலையில் கூடப் படிப்பிக்கிற ஆசிரியர் ஒருவர், முள்ளிவாய்க்காலில் கடற்றொழில் செய்கிற அண்ணை ஒருவர், புதுக்குடியிருப்பில் முன்பு கராச் வைத்திருந்த ஐயா ஒருவர். இவர்களோடு புத்தளத்திலிருந்து தொலைபேசியில் எங்கள் வாப்பா.

முதல் நாளே ஒரு பிழை விட்டோம். பிஸ்டன் ஊசியைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பி வளையத்தைக் கழற்றும்போது எஞ்சின் வாயில் துணி அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. வளையம் துள்ளிப் போய் உள்ளே விழுந்துவிட்டது. கடற்றொழில் அண்ணை ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை ஒரு கம்பியில் கட்டிக்கொண்டு வந்தார். அரை மணித்தியாலம் தூண்டில் போடுவதுபோலப் பிடித்து எடுத்தார். "சேர், பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்கு அடிச்சுச் சொல்லிக் குடுக்கிறியள், உங்களுக்கு ஆர் சொல்லித் தாறது?" என்று சிரித்தார்.

சிலிண்டரை இழுத்தபோதுதான் அந்தச் சாமான் வெளியே வந்தது. சிலிண்டருக்கு அடியில் வழமையாக ஒரு கடதாசி கஸ்கெட் மட்டும் இருக்கும். எங்களுடையதில் மூன்று அடுக்கு. மேலேயும் கீழேயும் கடதாசி, நடுவில் ஒரு தகரத் தகடு. கத்தரிக்கோலால் வெட்டியது. ஆணித் துளைகள் ஒவ்வொன்றும் அளவாகக் குத்தி, பிசிறு அரம் போட்டு எடுத்திருந்தது. துடைத்துப் பார்த்தால் ஓரத்தில் அரைகுறை எழுத்து. பால்மா ரின் ஒன்றின் பக்கம் அது.

யாரோ தெரியாத மெக்கானிக் செய்த கோளாறு என்று நினைத்துத் தம்பி தூக்கி எறியப் போனார். ஐயா கையைப் பிடித்தார். "எறியாதை தம்பி. இது மண்ணெண்ணெயிலை ஓடின எஞ்சின்" என்றார்.

அதற்குப் பிறகு அன்று வேலை நடக்கவில்லை. ஐயா கதை சொன்னார், நாங்கள் கேட்டோம். தேத்தண்ணீர் மூன்று தடவை போனது. அவர் சொன்னதையும் எங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியபோது வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, இரும்பு, உரம், வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடை. பற்றரி இல்லாததால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிபெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். பெற்றோல் இல்லாததால் மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெய்க்கு மாறின. யாழ்ப்பாணத்தில் பழைய மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் காரும் அப்படித்தான் ஓடின. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தபோது அதில் பெருந்தொகையான சனம் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தது. ஆட்களோடு வண்டிகளும் வந்தன, வண்டிகளோடு அந்தக் கைப்பழக்கமும் வந்தது.

மண்ணெண்ணெயில் ஓடுவது என்றால் ராங்கியில் ஊற்றி உதைப்பது என்று நம்ம பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் வண்டி அசையாது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. எஞ்சின் சூடேறினால்தான் எரியும். அதனால் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். சேலைன் குழாயால் காபரேட்டருக்கு நாலைந்து சொட்டு விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிற்பாட்டினால் மீண்டும் பெற்றோல் சொட்டு வேண்டும். அதனால் கடைக்குப் போனவர் கடை வாசலில் எஞ்சினை ஓடவிட்டே சாமான் வாங்குவார். பெற்றோல் அப்போது மருந்துபோல. நோயாளியை ஏற்றிப் போக வேண்டிய வீட்டில் ஒரு போத்தல் ஒளித்து வைத்திருப்பார்கள் என்றார் ஐயா.

இரண்டாவது சிக்கல் அமுக்கம். இப்படியான சின்னப் பெற்றோல் எஞ்சின், உள்ளே வரும் காற்றையும் எரிபொருளையும் பொதுவாக எட்டு ஒன்பது மடங்கு நெரித்துப் பிறகுதான் பொறி வைக்கும். மண்ணெண்ணெய் அந்த நெரிசலைத் தாங்காது. நேரத்துக்கு முன்னமே வெடிக்கும். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் கேட்கும். மேடு ஏறினால் இன்னும் மோசம். அப்படியே ஓடினால் பிஸ்டன் ஓட்டையாகும். இதற்கு வழி, சிலிண்டரைக் கொஞ்சம் உயர்த்திவிடுவது. உயர்த்தினால் மேலே இடம் கூடும், நெரிசல் குறையும். அந்த உயரத்துக்குத்தான் பால்மா ரின் தகடு.

மூன்றாவது, எரியாத மண்ணெண்ணெய் றிங் இடுக்கால் கீழே இறங்கி ஓயிலோடு கலக்கும். ஓயில் தண்ணீராகிவிடும். பிறகு போர் தேயும், கிராங் பெயாரிங் போகும். எனவே அடிக்கடி ஓயிலை மாற்ற வேண்டும். ஆனால் ஓயிலும் கிடைக்காது. வடித்து, அரித்து, திரும்ப விடுவார்கள். பிளக் கரி பிடித்துவிடும். புதுப் பிளக்குக்கு வழியில்லாததால் ஒவ்வொரு நாளும் சுரண்டிப் போட்டார்கள். கஸ்கெட் கிழிந்தால் மட்டையில் அச்செடுத்து வெட்டினார்கள். "அந்தக் காலத்திலை கராச்சுக்கு வாறவனும் மெக்கானிக்தான்" என்றார் ஐயா. ஒருவன் கண்டுபிடித்தது அடுத்த நாள் சந்தியில் இன்னொருவனுக்குத் தெரியும். யாரும் மறைக்கவில்லை. மறைத்து என்ன இலாபம்? உதிரிப்பாகம் இருந்தால்தானே போட்டி.

இதே வித்தை வேறு நாட்டில் கம்பனியே செய்து விற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் பெர்குசன் உழவு இயந்திரம் ஒன்று மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடியது. குறைந்த நெரிசல், பெற்றோலுக்குச் சின்ன ராங்கி, சூடானதும் குழாயைத் திருப்பி மாற்றுவது, எல்லாம் தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும். நம்ம கரையில் மண்ணெண்ணெயில் ஓடுகிற வெளியிணைப்பு எஞ்சினும் இதே முறைதான். பெற்றோலில் தொடங்கி, பிறகு மாற்றுவது. கடற்றொழில் அண்ணைக்குத் தகட்டின் கதை உடனே விளங்கியது அதனால்தான். அங்கே தொழிற்சாலையும் பொறியியலாளரும் செய்ததை இங்கே ஒரு மனிதர் கத்தரிக்கோலையும் பால்மா ரின்னையும் வைத்துச் செய்திருக்கிறார்.

ஐயாவிடம் ஒரு சந்தேகம் கேட்டோம். வண்டி வாங்கியது 2003. தடை நீங்கியது 2002 ஜனவரியில். பெப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம், ஏப்ரலில் ஏ9 பாதை திறப்பு. பெற்றோல் தாராளமாக வந்த காலம் அது. பிறகு ஏன் மண்ணெண்ணெய்? ஐயா எங்களைப் பார்த்த பார்வையில், வரலாற்று ஆசிரியருக்கு இது தெரியாதா என்ற கேள்வி இருந்தது. 2006 ஆகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு ஏ9 மூடப்பட்டது. ஓமந்தைக்கு வடக்கே எல்லாம் திரும்பவும் அரிதானது. தொண்ணூறுகளில் பழகிய கை, ஒரு பயிற்சியும் இல்லாமல் திரும்ப அந்த வேலையைத் தொடங்கியது. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி, 25இல் முல்லைத்தீவு விழுந்தன. சனம் பரந்தன் வீதியால் புதுக்குடியிருப்பு, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று ஒதுங்கிக்கொண்டே வந்தது. உழவு இயந்திரத்திலும் லான்ட்மாஸ்ரரிலும் மோட்டார் சைக்கிளிலும் வயதானவர்களையும் காயப்பட்டவர்களையும் ஏற்றினார்கள். அந்த வண்டிகளில் பல மண்ணெண்ணெய் மணத்தோடு ஓடியவை. பாலத்தடியில் அவற்றை விட்டுவிட்டு நடந்தார்கள். பிறகு கன வருடம் அவை இந்த மணலில் குவியல் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்.

நாங்கள் பார்க்கவில்லை. இதைத்தான் சொல்ல வந்தோம்.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்றாபுரம், முல்லைத்தீவு நகர், எல்லா இடத்து முஸ்லிம் சனமும் போனது. எங்கள் வாப்பாவும் போனார். அவரிடம் அப்போது ஒரு ஹொண்டா 50 இருந்தது. அதுவும் வீடும் கடையும் ஆடு மாடும் இங்கே நின்றுவிட்டன. வாப்பா புத்தளத்தில் வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் கூலிக்கு நின்றார். கிடுகுக் கொட்டிலில்தான் நாங்கள் வளர்ந்தோம். பாடசாலையில் "அகதி" என்று கூப்பிடுவார்கள். குடிதண்ணீருக்கு வரிசை, நிவாரணத்துக்கு வரிசை. அங்கே பெற்றோல் இருந்தது, எங்களிடம் வண்டி இல்லை. இங்கே வண்டி இருந்தது, பெற்றோல் இல்லை.

அன்று மா மரத்தடியில் ஐயா மண்ணெண்ணெய்க் கதை சொன்னபோது, தொலைபேசியில் இருந்த வாப்பாவுக்கு அது முழுக்கப் புதுக்கதை. அவருக்குத் தெரிந்த வன்னி 1990இல் நின்றுவிட்டது. "காபரேட்டருக்குச் சேலைன் குழாயா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு ஐயா தொலைபேசியை வாங்கி, "நீங்கள் அங்கை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார். வாப்பா உப்பளத்தைப் பற்றிச் சொன்னார். காலில் உப்பு ஊறி வெடித்ததைச் சொன்னார். ஐயாவுக்கு அது புதுக்கதை. அவர் நெடுநேரம் "ம்" மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "நீங்கள் போகேக்கை நாங்கள் படலைக்குள்ளை நிண்டு பாத்தனாங்கள். ஒண்டும் கேக்கேல்லை, ஒண்டும் சொல்லேல்லை" என்றார். வாப்பா, "கேட்டிருந்தால் உங்களுக்கும் கஷ்டம்தானே" என்றார். அதோடு இருவரும் பிஸ்டன் அளவுக்குப் போய்விட்டார்கள்.

நாங்கள் ஊர் திரும்பிக் கன வருடமாகிறது. ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம், ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம், நோன்புக் கஞ்சி இங்கிருந்து போகும், பொங்கல் அங்கிருந்து வரும். இருந்தும் 1990க்கும் 2010க்கும் இடைப்பட்ட இருபது வருடத்தை நாம் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. கேட்டால் பழி சொல்வதாகிவிடுமோ என்ற பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. எஞ்சின் பற்றிக் கேட்கும்போது அந்தப் பயம் வரவில்லை. "ஏன் இந்தத் தகடு?" என்று கேட்கலாம். பதிலில் தடை, இடப்பெயர்வு, ஷெல், முகாம் எல்லாம் தானாக வந்தது.

வேலைக்குத் திரும்புவோம். தகட்டைத் திரும்பப் போடுவதா, எடுப்பதா என்று பெரிய விவாதம். கடற்றொழில் அண்ணை போடச் சொன்னார். 2022ஐ மறக்காதேங்கோ என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அந்த வருடம் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்றோம். ஜூலையில் கியூ.ஆர். முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்தது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. அன்று கரையில் ஏற்றிய படகுகள் பல நாள் இறங்கவில்லை. கூடப் படிப்பிக்கிற ஆசிரியர் எடுக்கச் சொன்னார். பெற்றோலில் ஓடுகிற வண்டிக்கு இந்தத் தகடு மூச்சை அமத்துகிற சாமான் என்றார். வாங்கிய நாளிலிருந்து இருந்த சோம்பலின் காரணம் எங்களுக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஐயா இருவரையும் கேட்டுவிட்டு, "இப்ப பெற்றோல் இருக்குது. இருக்கேக்கை சரியா ஓடு. இல்லாத காலம் வந்தால் தகடு வெட்டத் தெரிஞ்சால் காணும்" என்றார்.

தகட்டை எடுத்தோம். போர் மூன்று வருடம் மணலில் கிடந்த புள்ளிகளோடு இருந்ததால் லேத் பட்டறையில் கொடுத்து 0.50 அளவுக்குப் போர் பண்ணி, அதே அளவுப் பிஸ்டனும் றிங்கும் வவுனியாவில் வாங்கினோம். வால்வுகளைப் பசை வைத்து, கையால் உருட்டித் தேய்த்தோம். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஹெட்டைத் திருப்பி, வால்வு வழியில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தோம். இரவு முழுக்க ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. றிங் வாய்கள் மூன்றும் ஒரே நேரில் வராமல் முக்கோணமாகத் திருப்பி வைத்தோம். மக்னெற்றின் ரி அடையாளத்தை நேராக்கி, கேம் பல்லின் குறியையும் நேராக்கி, செயினைப் போட்டோம். தகடு போனதால் செயின் கொஞ்சம் தொய்ந்தது. இழுவையைச் சரிபார்க்கச் சொல்லி ஐயா பக்கத்தில் நின்றார். ஹெட் நட்டுகளைக் குறுக்குக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். வால்வு இடைவெளி 0.05. எல்லாம் முடித்து, பிளக் இல்லாமல் முப்பது நாற்பது தடவை உதைத்து ஓயில் மேலே ஏறுகிறதா என்று பார்த்தோம்.

பிறகு பிளக் பூட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லி உதைத்தோம். மூன்றாவது உதையில் பிடித்தது. புகை இல்லை. வாப்பா தொலைபேசியில் சத்தத்தைக் கேட்டுவிட்டு, முதல் 500 கிலோமீற்றர் திருகாமல் ஓடுங்கள், பிறகு ஓயிலை மாற்றுங்கள் என்றார். அதில் எல்லோருக்கும் ஒரே கருத்து.

அடுத்த நாள் தகட்டைத் துடைத்து, கடதாசியில் சுற்றிக்கொண்டு முள்ளிவாய்க்கால் அக்காவிடம் போனோம். கொடுப்பதா விடுவதா என்று யோசித்துத்தான் போனோம். பழைய காயத்தைக் கிளறுகிறோமோ என்று பயம். அக்கா தகட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். எழுத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது எங்கடை கத்தரிக்கோலாலை வெட்டினது சேர். என்ரை துணி வெட்டுற கத்தரிக்கோல். அதுக்குப் பிறகு அது துணி வெட்டேல்லை. அண்டைக்கு நல்லாப் பேசினனான் அவரை" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார். அவனுக்கு இப்போது இருபது வயது. தகப்பன் இறக்கும்போது மூன்று வயது. "இங்கை பார், அப்பா வெட்டினது" என்று கொடுத்தார். அவன் துளைகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு, "இதை எப்பிடி அளவெடுத்தவர்?" என்று எங்களைக் கேட்டான்.

எங்களுக்குத் தெரியாது. ஐயாவிடம் கூட்டிப்போனோம். ஐயா அவனை இருத்தி, சிலிண்டரின் அடிப்பக்கத்தில் ஓயில் பூசிக் கடதாசியில் அச்செடுப்பதிலிருந்து காட்டிக் கொடுத்தார். ஒரு மணித்தியாலத்தில் அவனே மட்டையில் ஒன்று வெட்டினான். முதலாவது கோணல். இரண்டாவது பொருந்தியது.

கியூபா நாட்டைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறோம். சோவியத் ஒன்றியம் உடைந்து அங்கே எரிபொருளும் உதிரிப்பாகமும் நின்றுபோன காலத்தில், சனம் வீட்டில் செய்துகொண்ட வழிமுறைகளைச் சேர்த்து 1992இல் ஒரு புத்தகம் போட்டார்கள். தலைப்பின் பொருள் "நம் சொந்த முயற்சியால்". நம்ம சனம் செய்தது அதற்குக் குறைவில்லை. ஆனால் அது ஐயா போன்றவர்களின் கைகளில் மட்டும் இருக்கிறது. ஐயாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. வாப்பாவுக்குக் காது கேட்பது குறைகிறது. நாம் கேட்காத ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் போகிறது.

அதனால் இந்த வருடம் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். தமிழ்ப் பிள்ளை முஸ்லிம் வீட்டில் ஒருவரிடமும், முஸ்லிம் பிள்ளை தமிழ் வீட்டில் ஒருவரிடமும் போய், 1990க்கும் 2010க்கும் இடையில் கையால் செய்த ஒரு சாமானைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டும். விளக்கு, அடுப்பு, ரேடியோ, எஞ்சின், கொட்டில், எதுவானாலும் சரி. யார் பிழை யார் சரி என்ற கேள்வி அந்தத் தாளில் இருக்காது. எப்படிச் செய்தீர்கள், எதனால் செய்தீர்கள், யார் சொல்லித் தந்தார்கள் என்ற மூன்று கேள்விதான். பிள்ளைகள் வந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு தேத்தண்ணீர் கொடுத்து இருத்திச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சாமான் தேடுகிறோம் என்று மணலைக் கிண்டவோ பழைய இரும்பைத் தொடவோ வேண்டாம். வெடிபொருள் இன்னும் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களைக் கேட்டாலே போதும்.

அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓடியவர்கள், கராச்சில் நின்றவர்கள், கிளாலியால் வண்டி ஏற்றி வந்தவர்கள், 1990இல் வண்டியை விட்டுப் போனவர்கள் இதை வாசித்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். நாங்கள் எழுதியதில் பிழை இருந்தாலும் திருத்துங்கள். எங்கள் சிவப்பு எம்.டி. 90 இப்போது வட்டுவாகலில் எதிர்க்காற்றிலும் இழுக்கிறது. வழியில் கண்டால் கை காட்டுங்கள், நிற்போம்.